காதில் விழாத ஃபண்டு

எனக்கும் என் சகலை குமரகுருவுக்கும் மாமனார் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி வாட்ச்தான் போட்டார். ஆனால் முதலீட்டு ஆணையம் அவனை ‘விவரம் தெரிந்தவர்’ என்றது; என்னைச் ‘சாதாரணர்’ என்றது. சிக்கலான ஃபண்டுகளில் அவன் பணம் போடலாம். எனக்கோ அந்தப் பேச்சே காதில் விழக் கூடாது. யாராவது பேச்செடுத்தால் ஆணையம் என் காதில் மாட்டியிருக்கும் கருவி சத்தத்தை அடைத்துவிடும். என் பாதுகாப்புக்காம். தகுதித் தேர்வில் மூன்று முறை தோற்றவன் நான்.

போன ஞாயிறு கரூரில் மாமனார் வீட்டு விருந்து. கார் வைத்திருக்கும் குமரகுரு பஸ்ஸில் வந்திறங்கினான். கையில் வாட்ச் இல்லை.

“மாமனார் போட்ட வாட்ச் இப்ப அவனுக்குக் கேவலமாப் போச்சு,” என்றேன் மனைவி பூங்கோதையிடம்.

“எந்தங்கச்சி கழுத்தப் பாருங்க, வெறும் மஞ்சக்கயிறு. காசு கூடிப்போனா நகைகூட வேண்டாமாட்டிருக்குது,” என்றாள். அவளுக்கும் வயிற்றெரிச்சல்தான்.

கை கழுவப் போன இடத்தில் குமரகுரு என் கையைப் பிடித்துக்கொண்டான். உதடுகள் அசைந்தன, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஃபண்டு பேச்சுதான். பேசப் பேச அவன் கண்ணில் நீர் வழிந்தது. அப்படி ஒரு லாபம்! கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது.

“நீங்க கொடுத்து வெச்சவருங்க, சகலை.”

என்ன குத்தல்! கையை உதறிவிட்டு வந்தேன். மறுநாளே பூங்கோதையின் செயினை அடகு வைத்து, நாலாவது முறையாகத் தேர்வுக்குப் பணம் கட்டினேன்.