சுல்தானுக்கு ஜன்னல் சீட்டு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. வெளியே மழை பெய்கிறது, தேத்தண்ணி சூடாக இருக்கிறது. ஒரு பூனை பிளேன் ஏறிய கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

“மேடம், பூனைக் கூடைய சீட்டுக்குக் கீழ வைக்கணும். பிளேன் கெளம்பப் போகுது” என்றாள் தினுஷா.

ஜன்னலோரம் இருந்த அம்மாள் கூடையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். “பிளேனோ ரயில் கோச்சியோ, எனக்கென்ன? சுல்தானுக்குத் தரையில இருந்து பழக்கமில்ல.” உள்ளேயிருந்து சுல்தானும் அதை ஆமோதித்துக் குரல் கொடுத்தான்.

பயந்துவிடாதீர்கள், இந்த பிளேன் எங்கேயும் விழாது. கண்டி டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், இரண்டு வரிசை கதிரைகளும், சுவரில் ஒட்டிய கடதாசி ஜன்னல்களும்தான் அந்த பிளேன். விமானப் பணியாளர் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அன்றைக்கு அங்கே கடைசிப் பரீட்சை.

படிப்பிக்கிற கலாராணி மிஸ் காலையிலேயே சொல்லிவிட்டார். “கொழும்பு ஆபீஸ்லருந்து ஒருத்தர அனுப்புறாங்க. யாருன்னு எனக்கே தெரியாது. பயணி மாதிரி வந்து வம்பு பண்ணுவாங்க. மரியாதையும் குறையக் கூடாது, விட்டும் குடுக்கக் கூடாது. குடுத்தா பெயில்.”

தினுஷா ஏற்கெனவே இரண்டு தரம் விட்டுக்கொடுத்துத் தோற்றவள். கலஹா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், துரைக்கும் “சரிங்க”, கங்காணிக்கும் “சரிங்க” என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளை. அவள் வாயில் வேறு சொல் வராது. இந்தத் தரமும் தோற்றால் சான்றிதழ் கிடையாது. அம்மாவோடு மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டியதுதான்.

அதனால்தான் படியேறி மூச்சு வாங்க, கையில் கூடையோடு அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றதுமே, ‘கொழும்பு ஆள் வந்துட்டாங்க’ என்று நினைத்து, கைகூப்பி வரவேற்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

“கீழ வைங்க மேடம். எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்.”

“எனக்கு நீ சட்டம் படிச்சுத் தாறியா புள்ள? ராவெல்லாம் இதுக்கு சத்தி, திண்டதெல்லாம் வெளிய வந்திட்டு. மொதல்ல டொக்டர வரச் சொல்லு!”

அடேயப்பா, என்ன நடிப்பு என்று தினுஷா அசந்துபோனாள். பேச்சுகூட அச்சு அசலாகப் பக்கத்து அக்குறணை ஊர்ப் பேச்சு. ஆகாயத்தில் திடீரென்று நோய் வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தல்லவா சோதிக்கிறார்கள்! உடனே படித்ததை நினைத்துக் குரலை உயர்த்தினாள். “பயணிகளே, உங்கள்ல யாராவது டொக்டர் இருந்தா தயவுசெஞ்சு கைய உயர்த்துங்க.”

பயணிகளாக உட்கார்ந்திருந்த வகுப்புப் பிள்ளைகளில் ஒருவரும் கை தூக்கவில்லை. பின் கதிரையிலிருந்த கிஷான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினான். “எனக்குப் பூனை முடி ஒத்துக்காது. தும்மித் தும்மியே செத்துருவேன்!”

“அப்ப நீ எறங்கிப் போ மவன். சுல்தான் எறங்க மாட்டான்.”

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் தெம்பு வந்த அம்மாள் கூடையின் மூடியில் கை வைத்தார். தினுஷா பாய்ந்து மூடியை அழுத்திப் பிடித்தாள்.

“தொறக்காதீங்க மேடம்.”

“தொறப்பேன். ஏன்ட பூனை, ஏன்ட கூடை. நீ என்ன செய்வாய்?”

‘சரிங்க’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தினுஷா அதைப் பல்லால் கடித்து விழுங்கினாள். மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“முடியாதுங்க. திட்டுறதுன்னா திட்டுங்க, பெரிய எடத்துல சொல்றதுன்னா சொல்லுங்க. கூடை கீழ போற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன். சுல்தானுக்குத் தண்ணி வேணும்னா நானே கொண்டாந்து தர்றேன். மடியில மட்டும் வைக்க விட மாட்டேன்.”

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளும் கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தாள். கடதாசி ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

“பொல்லாத புள்ளடா இது” என்று முணுமுணுத்தபடி, அம்மாள் குனிந்து கூடையைக் கதிரைக்கு அடியில் தள்ளினார். செருப்பைக் கழற்றிவிட்டு, பயப்படாதே என்பதுபோல் பாதத்தால் கூடையை ஒட்டிக்கொண்டார்.

மாடி அதிரக் கைதட்டல். கலாராணி மிஸ் எழும்பியே விட்டார். “பாஸ் தினுஷா, பாஸ்!” எதற்கு இந்தக் கைதட்டல் என்று விளங்காமல், அந்த அம்மாள் மட்டும் முழித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கதவு திறந்தது. தொப்பலாக நனைந்த ஒரு இளைஞன், கக்கத்தில் ஒரு பஞ்சு நாய்ப் பொம்மையோடு நின்றான்.

“சொரி மிஸ், கடுகண்ணாவயில லொறி பெரண்டு ரோட்டெல்லாம் பிளாக். கொழும்பு ஆபீஸ்லருந்து வம்பு பண்ண வந்த பயணி நாந்தான்.”

எல்லாக் கண்ணும் முன்வரிசைக்குத் திரும்பின. அந்த அம்மாள் கூடையை மெல்ல வெளியே இழுத்து, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப பூனைக்கு ஊசி போடுற டொக்டர் இங்க இல்லியா?”

உங்கள் வீட்டுப் பூனைக்கும் நோய் நொடி அண்டாமல், உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் வாயில் “முடியாது” என்ற சொல் ஒருநாளும் வற்றாமல், உங்கள் குடும்பம் நூறாண்டு செழித்திருக்கட்டும், கண்ணுகளா.