'பிஸி' சொல்லக் கூடாத கடை

"வேற எவன்கிட்டயோ தலையைக் குடுத்துட்டான் டீச்சர்! அதான் இந்தப் பக்கமே வர மாட்டேங்கிறான்" என்றாள் அக்கா, டீச்சரின் நரைமுடியில் டையைத் தடவியபடி. தடவிய வேகத்தில் டீச்சரின் காதுக்கும் கொஞ்சம் சாயம் கிடைத்தது.

அது அவள் நடத்தும், பெண்களுக்கான பார்லர். அங்கே வெட்டப்படும் ஒரே ஆண் தலை அவள் தம்பியுடையது. நாற்காலி உயரம் எட்டாமல் பலகை போட்டு உட்காரவைத்த வயதிலிருந்து, அவள் கத்திரிக்கோலைத் தவிர வேறொன்று அந்தத் தலையைத் தொட்டதில்லை.

களைச்செடி மாதிரி வளரும் முடி அவனுக்கு. மாதம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து, "அக்கா, காட்டை அழி" என்று உட்காருவான். அப்பேர்ப்பட்டவன் இப்போது பல மாதமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் பஸ்ஸிலேருந்து பாத்தேனே" என்றார் டீச்சர். "நல்லா ஒட்ட வெட்டியிருந்தார். ஆளே அடையாளம் தெரியல."

"ஒட்டவா! எந்தக் கிராதகன் கை வெச்சானோ!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விரல்கள் டீச்சரின் தலையில் கொஞ்சம் கூடுதலாகவே அழுந்தின. அம்மா படுத்த படுக்கையானபோது கடையை இழுத்து மூடிவிட்டுக் கடைசிவரை பக்கத்திலேயே கிடந்தவள் அவள். மறுபடி கடையைத் தூக்கி நிறுத்த அவள் பட்ட பாடு தம்பிக்குத் தெரியாததல்ல. அம்மாவும் போய்விட்டபின் அவளுக்கென்று மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான். அவனும் கைநழுவிப் போகிறானே என்பதுதான் அவள் துக்கம்.

வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். பூட்டிக் கிடந்தது. போன் பண்ணினால் ஒரே பதில்: "பிஸிக்கா, அப்புறம் பேசுறேன்."

பிஸி! அந்த வார்த்தைக்கு அவள் கடையில் இடமே கிடையாது. ஒரு காலத்தில் அவளும் வாய்க்கு வாய் அதைச் சொன்னவள்தான். "பிஸின்னா, நீ எனக்கு முக்கியமில்லைன்னு மரியாதையாச் சொல்றதுதானேம்மா?" என்று ஒருநாள் இதே டீச்சர் முகம் வாடிக் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து கடையில் ஒரே சட்டம். கையில் என்ன வேலை, எப்போது முடியும், இரண்டையும் சொல்ல வேண்டும். "இப்ப ஒருத்தருக்கு ஃபேஷியல் போயிட்டிருக்கு, மூணு மணிக்கு முடிஞ்சிரும், நானே கூப்பிடுறேன்" என்றால் யாருக்கும் மனசு நோகாது. கடையில் வேலை பார்ப்பவர்களும் அப்படித்தான் பேச வேண்டும். இந்தப் பெருமையைத் தம்பியிடமும் ஆயிரம் தடவை அளந்திருக்கிறாள்.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுடுறேன் டீச்சர். இன்னொரு தடவை பிஸின்னு சொன்னான்னா, அதோட சரி. அவனைத் தலைமுழுகிட வேண்டியதுதான்."

"ஐயையோ, என் தலையை முதல்ல முடிச்சிடும்மா" என்றார் டீச்சர்.

கையெல்லாம் சாயம். சுண்டுவிரலால் நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா... கொஞ்சம் பிஸி. அப்புறமா..."

"வாயை மூடு!" அவள் போட்ட போட்டில் டீச்சரே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊர்ல இல்லாத வேலையாடா உனக்கு? என் கடைக்கு வர்ற மூணாம் மனுஷங்ககிட்டகூட நான் அந்த வார்த்தையைச் சொல்றதில்லை. கூடப் பொறந்தவளுக்கு அதுவா பதில்? என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடு. இனிமே போனே பண்ண மாட்டேன்."

மறுமுனையில் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண்ணின் குரல், "அசையாம உக்காருங்க சார்" என்றது.

அக்காவின் கண் விரிந்தது. "கேட்டீங்களா டீச்சர்! நாம சொல்ற அதே வசனம்! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!" போன் பக்கம் குனிந்தாள். "டேய், நாற்காலியில சாஞ்சு உக்காந்திருக்கேதானே? உண்மையைச் சொல்லு!"

"ஆமாக்கா. சாஞ்சுதான் உக்காந்திருக்கேன்." லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் தெம்பே இல்லை.

"எனக்குத் தெரியும்டா! ஏன், என் கைக்கு என்ன குறைச்சல்?"

"உன் கை மாதிரி வருமாக்கா? சொன்னா நீ கடையை மூடிட்டு ஓடி வந்துடுவே. அதான் சொல்லலை."

"வருவேன்டா! வந்து அந்த ஆளோட கத்திரிக்கோலைப் பிடுங்கி எறிவேன்!" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினாள். "நீ எங்க வேணா போ, யார்கிட்ட வேணா தலையைக் குடு. எனக்குக் கோபமில்லை. என்கிட்டப் போய் மறைக்கிறே பாரு, அதான்டா தாங்கலை. எங்க கடைச் சட்டம் தெரியும்ல? என்ன வேலை, எப்ப முடியும். அதை மட்டும் சொல்லு. ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்."

"நிஜமாவே சொல்லணுமாக்கா?"

"சொல்லுடா."

டீச்சர் தலையைத் திருப்பாமல் கண்ணாடி வழியே போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி, சின்ன வயதில் அவளிடம் பாடம் ஒப்பிப்பானே, அதேபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"கீமோ ஏறிக்கிட்டு இருக்குக்கா... நாலு மணிக்கு முடிஞ்சிரும், நானே கூப்பிடுறேன்."