ரோஜா விசாரித்த செடி

தோட்டத்தில் கேட்காமல் கொள்ளாமல் தன் பக்கத்தில் முளைத்துவிட்ட செடியை ரோஜாவுக்குப் பிடிக்கவில்லை. பெயர் என்ன, எந்த ஊர் என்று விசாரித்தால், அது தலையை ஆட்டியதே தவிர வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே பெயர் தெரிந்த ரோஜா, பெயர் தெரியாததோடு எப்படி ஒரே மண்ணில் நிற்பது? வேலியோரம் போன வெள்ளாட்டைக் கூப்பிட்டது.

“அண்ணே, இது என்ன செடின்னு பார்த்துச் சொல்லுங்க.”

“பார்த்தெல்லாம் சொல்ல வராதும்மா. தின்னாத்தான் தெரியும்.”

வேலியை இடித்துக்கொண்டு உள்ளே வந்த ஆடு, செடியை வேரோடு பிடுங்கித் தின்றுவிட்டுக் கண்ணை மூடி யோசித்தது. ரோஜாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“பேரு தெரிஞ்சுதா அண்ணே?”

“நுனி நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது. பேரு தெரிஞ்ச செடி ஒண்ணைத் தின்னா, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிடுவேன்” என்ற ஆடு, மெல்ல நெருங்கி வந்தது.

“உன் பேரு ரோஜாதானே?”