பக்கத் தந்திகளின் ரீங்காரம்

வேண்டாத ஒலிகளை நீக்கும் காதுவடிகட்டியைப் பிறர் முன்னிலையில் எவரும் கழற்றுவதில்லை. அதற்குச் சட்டம் ஏதுமில்லை. பந்தியில் உமிழ்வதற்கு நிகரான அநாகரிகமாக அது கருதப்பட்டது.

வாய்மொழித் தேர்வு அறையில் நப்பின்னை இராவணஹத்தாவை மார்பில் சாய்த்து வில்லை இழுத்தாள். தேங்காய்ச் சிரட்டையும் மூங்கிலும் கொண்ட அந்தப் பழங்கருவி வயலினின் பக்குவமற்ற முன்னோடி அன்று. வில் தொடாமலே உடன் அதிரும் பக்கத் தந்திகளின் ரீங்காரமே அதன் இசையில் பாதி என்பது அவளது ஆய்வேட்டின் வாதம். அந்த ரீங்காரத்தை வடிகட்டிகள் இரைச்சல் என்று நீக்கிவிட்டன.

"வயலினேதான்," என்று தேர்வாளர் தேவசகாயம் சிரித்தார். "இதுக்கா அஞ்சு வருஷம்? கடையில ஒண்ணு வாங்கியிருக்கலாமேம்மா!"

"இல்லைங்க சார், இதுல இன்னொரு சத்தம் இருக்கு."

"எனக்குக் கேக்கலையே. கேக்காத சத்தத்துக்கு எப்படிப் பட்டம் குடுக்கறது?"

வடிகட்டியைக் கழற்றச் சொல்லும் துணிவு அவளுக்கு வரவில்லை. சிரட்டையை அவருடைய மேசைமீது அழுத்தி நிறுத்தி, மீண்டும் வாசித்தாள். முழங்கையை ஊன்றியிருந்த தேவசகாயம் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். பிறகு உள்ளங்கையை மேசைப் பலகையின்மீது மெல்லப் பரப்பினார்.

"வில்லு நின்ன பிறகும் அதிருதே," என்றார். "இவ்வளவும் எனக்குக் கேக்காமயா போச்சு?"

மற்றத் தேர்வாளர்கள் கூச்சத்துடன் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள, அவர் இரு காதுகளிலிருந்தும் வடிகட்டிகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இப்ப வாசிம்மா."