விட்டுப்போன முத்திரை

சாந்தன்பாறைச் சாவடியில் ராலி நடுவர் பொன்ராஜ் வழி அட்டையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பதினோரு முத்திரை இருக்க வேண்டிய அட்டையில் பத்துதான் இருந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் கமலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் தோளை உரசியபடி அவள் கணவன் ஆறுச்சாமி.

மூன்று நாள் கார் ராலியின் கடைசிக் காலை அது. இரண்டு வருடமாகக் கோப்பை இவர்கள் கையில்தான். இன்றைக்கும் இவர்களுடைய ஃபியட்தான் முதலில் வந்து நின்றிருந்தது.

கொழிஞ்சாம்பாறையில் கரும்பும் கடலையும் போடுகிற குடும்பம். புருசன் ஓட்ட, பெண்டாட்டி வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு வழி சொல்ல, இப்படி வருடா வருடம் ஜெயித்துக்கொண்டு போவது மற்ற ஓட்டுநர்களுக்குக் கொஞ்சம் உறுத்தல். அடுத்தடுத்து வந்து சேர்ந்தவர்கள் இப்போது மேசையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பதினோராவது முத்திரையோடு கிளை ரோட்டில் நின்றவர் ஏலத்தோட்டத்துக் கிளார்க் வேதமுத்து. ஜீப் அனுப்பி அவரை வரவழைத்தார்கள்.

“காலையில அஞ்சு மணியில இருந்து அங்கனயேதான் நிக்கேன் சார். இவுக வண்டி வரவே இல்ல” என்றார், தன்மேல்தான் தப்பு என்பதுபோல.

பொன்ராஜுக்குப் புரிந்துவிட்டது. ரோடு பிரியும் இடத்தில் வலது பக்கம் போயிருக்க வேண்டும். இடது பக்கம் போனால் நாலு மைல் மிச்சம். பத்து நிமிடம் தாமதமென்றால் பத்துப் புள்ளி அபராதத்தோடு போய்விடும். பாதையை வெட்டினால் அப்படியில்லை. போட்டியிலிருந்தே நீக்கம்.

“அம்புக்குறி போட்ட பலகை கதவு அகலத்துக்கு இருக்கும்மா. அதையா பார்க்காம விட்டீங்க?”

“வழி சொல்றது நானுங்க. எடதுன்னு நான்தானுங்க சொன்னேன். அவரு மேல தப்பில்லீங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பொம்பளையைப் பக்கத்தில் உட்கார வைத்தால் இதுதான் என்று ஒரு குரல் ஆரம்பித்துப் பாதியில் நின்றது.

கமலாத்தாள் திரும்பவில்லை. அவளுடைய பயமெல்லாம் பொன்ராஜ் அடுத்து என்ன கேட்பார் என்பதில் இருந்தது.

அவர் ஆறுச்சாமியின் முகத்தைப் பார்த்தார். நீங்களுமா பார்க்கவில்லை என்று கேட்டார்.

“அவ சொன்னா நான் திருப்பீருவனுங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தானுங்க.”

கூட்டமே சிரித்தது. பொன்ராஜும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே படிவத்தை இழுத்து, நீக்கத்துக்கான காரணம் என்ற இடத்தில் ‘பாதை மாறியது’ என்று இரண்டே வார்த்தை எழுதினார்.

வேறு காரணம் எதையும் எழுதவில்லை. கமலாத்தாள் தலைகீழாகவே அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடக்கி வைத்திருந்த மூச்சு மெல்ல வெளியே வந்தது.

படிவம் ஆறுச்சாமியின் பக்கம் நகர்ந்தது. அவள் பேனாவை வாங்கி அவன் கையில் கொடுத்தாள். அந்தக் கையை விடாமல் பிடித்து, கையெழுத்துக் கோட்டின்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

கோப்பை போன துக்கத்தில் இருக்கிற புருசனைத் தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வண்டியில் அவள்தான் ஓட்டுகிற பக்கம் ஏறினாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறுச்சாமிக்கு வலது கண் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. இடது கண்ணில் தூரத்தில் இருப்பதெல்லாம் புகை. இதுவும் அதிக நாள் நிற்காது என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னதை இரண்டு பேரும் வீட்டுக்குள்கூட வாய்விட்டுப் பேசவில்லை. ராலிக்காரர்களின் கண் சோதனைக்கு அவன் பேரைச் சொல்லிப் போய், சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் படித்துவிட்டு வந்தது அவனுடைய தம்பி. மூன்று நாளாக ஆறுச்சாமி ஓட்டியது ரோட்டைப் பார்த்தல்ல, கமலாத்தாளின் குரலைக் கேட்டு.

இன்று விடிந்த சற்று நேரத்தில் ஏலக்காய் பறிக்கிற பெண்கள் கூடையோடு வரிசையாக ரோட்டைக் கடந்தார்கள். பனிகூட இல்லை. நல்ல வெளிச்சம். ஆறுச்சாமி வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவள் அலறிய பிறகுதான் பிரேக்கை மிதித்தான். கடைசிப் பெண்ணுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம். அந்தப் பெண் இதை ஏதோ சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு, சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனாள்.

அடுத்து வந்த பிரிவில்தான் கமலாத்தாள் “எடது” என்றாள்.

சாந்தன்பாறைக் கடைகள் பின்னால் போனதும் அவள் வேகத்தைக் குறைத்தாள். சொல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது என்று தோன்றியது.

“வேணும்னுதானுங்க எடதுன்னு சொன்னேன்.”

ஆறுச்சாமி மடியிலிருந்த ஹெல்மெட்டைக் காலடியில் போட்டான். சீட்டில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

“அங்க வலதுதான் போகோணும்னு எனக்குத் தெரியும் கமலா. ஒரு மாசமா அந்த ரோட்ட மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன்.”

அவள் ஏதோ கேட்கத் திரும்பினாள். அதற்குள் அவனுடைய தலை கதவுப் பக்கம் சரிந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

முன்னால் ஒரு வளைவு வந்தது. கமலாத்தாள் யாருக்கும் சொல்லாமல் திருப்பினாள்.