மாப்பிள்ளையின் குடல்

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கொண்டுவரவில்லை. படித்த குடும்பம், மூடநம்பிக்கை கிடையாதாம். மாப்பிள்ளை சற்குணனின் உடல் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த குடலைக் கண்ணாடிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். பெண் வீட்டுப் பலகாரத்தை முதலில் அதுதான் சாப்பிட்டுப் பார்க்கும்.

அவன் அம்மா கமலவேணி, பெண் சுட்ட வாழைக்காய் பஜ்ஜியில் துளி கிள்ளி, கரைத்து உள்ளே விட்டார். குடல் சுருண்டுகொண்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒத்துக்கலைங்க. எத்தனையோ பொண்ணு பாத்தாச்சு, எங்கயும் இதே கதைதான். விஞ்ஞானமே சொல்றப்ப நாம என்ன பண்றது?"

பெண் மதிவதனி கேட்டாள்: "வீட்ல அதுக்கு என்ன அத்தை குடுப்பீங்க?"

"என் கையால வெச்ச ரசஞ்சாதம். இன்னிவரைக்கும் வெளிச் சாப்பாட்ட அதுக்குக் கண்ல காட்டினதில்ல," என்றார் கமலவேணி பெருமையாக.

"அப்ப அது அவரு குடலா, உங்க குடலா?"

கமலவேணி விருட்டென்று எழுந்தார். "கெளம்புடா!"

நாற்பதை நெருங்கும் சற்குணன் அதற்குள் பஜ்ஜித் தட்டைக் காலி செய்திருந்தான்.

"நீ அதக் கூட்டிட்டுக் கெளம்பும்மா, பாவம், பசிக்கும். நான் காபி சாப்ட்டு வர்றேன்."