நூல் கடிக்கும் இடம்

அம்மா சன்னலோரம், தன் தையல் மிஷின் முன்னால். மகள் துணி வெட்டும் மேசையில், தாளும் பேனாவுமாக. கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் மாடி வீட்டு வக்கீல். அந்த நாற்காலியை அவருக்குப் பறிகொடுத்த மாப்பிள்ளை, தைக்க வந்த துணி மூட்டையின் மேல், மடியில் கணினியோடு.

ஒரு பெரிய கம்பெனியைத் திட்டுவதற்காகத்தான் நான்கு பேரும் கூடியிருந்தார்கள்.

தைத்துக்கொண்டே அம்மா முணுமுணுத்த பாட்டை மகள் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தாள். பார்த்தது சொந்தபந்தம் மட்டும்தான். அந்த இணையதளத்தை நடத்தும் கம்பெனி அதை நீக்கிவிட்டது. இந்த மெட்டு வேறொருவருக்குச் சொந்தம் என்று ஓர் அறிவிப்பு. ஆட்சேபணை இருந்தால், உரிமை கோரிய இசை நிறுவனத்துக்குக் கையெழுத்திட்ட கடிதம் அனுப்ப வேண்டுமாம்.

வேறொருவருக்கா? காலுக்கு மிஷின், கைக்குத் துணி என்று போன நாட்களில், பிள்ளைகளைத் தூங்கவைக்க அம்மாவிடம் மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அப்படிப் பிறந்த மெட்டு அது.

மூன்றாவது அடியின் நடுவில் சட்டென்று நிற்கும். பிறகு தொடரும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் இடம் அது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் அம்மாவுக்குப் பல்தான்.

மாப்பிள்ளை விடிந்ததும் தொழில்நுட்பச் செய்திகளில்தான் கண் விழிப்பார். இன்று அவருடைய நாள்.

"பாத்தீங்களா அத்தை? உலகத்துல இருக்கிற புத்தகத்தையெல்லாம் கேக்காம கொள்ளாம அள்ளிட்டுப் போய் ஏஐ மிஷினுக்குத் தீனி போடுறாங்க. அது திருட்டு இல்லையாம். நீங்க வீட்டுக்குள்ள முணுமுணுத்தா திருட்டாம்!"

"மூட்டை கசங்குது மாப்பிள்ளை. கொஞ்சம் தள்ளி உக்காந்து கோவப்படுங்க" என்றாள் அம்மா.

மகள் எழுதத் தொடங்கியிருந்தாள். ஓரம் விட்டு, தேதி போட்டு, 'பொருள்' என்று எழுதி அடிக்கோடிட்டு. 'ஐயா, தங்கள் உரிமைகோரல் முழுப் பொய்' என்பது வரை வந்தாயிற்று.

எதிராளியின் பாட்டையும் ஒருமுறை கேட்டுவிடுவோம் என்றார் வக்கீல்.

மாப்பிள்ளை அறிவிப்பிலிருந்த சுட்டியைத் தட்டினார்.

திரையில் இரண்டு அலைக்கோடுகள். மேலே அம்மா. கீழே யாரோ, பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. ஏற்றமும் இறக்கமும் அச்சு அசல். மூன்றாவது அடியின் நடுவில் இரண்டு கோடுகளுமே தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன.

பிறகு குரல் வந்தது. ஓர் ஆண் குரல், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல்.

மூன்றாவது அடி. நின்றது. தொடர்ந்தது.

எங்கேயோ ஓர் அறையில், கையில் ஊசியும் இல்லாத, நூலும் இல்லாத ஒருவன், நூல் கடிக்கும் இடத்தில் நின்று போகிறான்.

மகளின் கை எழுத்தின் பாதியில் நின்றுவிட்டது. அந்த இடைவெளியைக் கேட்டு வளர்ந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி அவள்.

மிஷின் சத்தம் எப்போது அடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டாள்.

"சளி பிடிச்சிருக்கு அவனுக்கு."

தம்பி. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தம்பி. போலீஸ் தேடியது. பத்திரிகையில் படம் போட்டார்கள். ஆளும் இல்லை, தகவலும் இல்லை. கோடானுகோடிப் பாட்டுகளுக்கு நடுவே, யாரும் தேடச் சொல்லாமலே, தான் யாரைக் கண்டுபிடித்தோம் என்றே தெரியாமல், ஓர் இயந்திரம் தாயையும் பிள்ளையையும் மேலும் கீழுமாக வைத்து, இரண்டும் ஒன்று என்று சொல்லியிருக்கிறது. அதற்குத் திருட்டு என்று பெயரும் வைத்திருக்கிறது.

மகளுக்கு அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தொட்டாள். கண்ணாடி லேசாகச் சுட்டது.

மாப்பிள்ளை பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "ஆட்சேபணை பண்ணா ஜெயிச்சிடலாம்மா. ஆனா தம்பியோட பதிவை எடுத்துடுவாங்க. பண்ணலைன்னா, இந்தப் பாட்டு சட்டப்படி இனிமே உங்களுது கிடையாது."

"அவனுதுன்னே எழுதிக் குடுத்துடும்மா" என்றாள் அம்மா மகளிடம்.

மகள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய தாள் எடுத்தாள். பாட்டைப் பற்றி இரண்டே வரி: மெட்டு தங்கள் பாடகருடையதுதான், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டினால் போதும்.

மீதி முழுவதும் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. பஸ் நிற்கும் இடம். மருந்துக்கடைக்கு எதிர்ச் சந்து. நீலக் கதவு. பக்கத்தில் இரும்புக் கடை, கேட்டால் சொல்வார்கள். கதவு பூட்டியிருந்தால் சாவி எந்த வீட்டில் இருக்கும். திரும்பவும் பஸ் நிற்கும் இடம்.

"அம்மா, இதைத்தான் மொதல்லயே எழுதிட்டேனே."

"இன்னொரு தடவை எழுது. பழைய வீட்டை இடிச்சப்புறம் வந்து பாத்தானோ என்னமோ. வெறும் மண்ணைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருந்தா?"

இத்தனை வருஷத்தில் அம்மா அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

மகள் உறையின் முன்பக்கம் நிறுவனத்தின் பெயரை எழுதினாள். பின்பக்கம், இடமே விடாமல், பெரிய எழுத்தில் வீட்டு முகவரி. பசை தடவி, ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

மாப்பிள்ளை மின்னஞ்சல் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், தபால் நிலையத்தைப் பார்த்து ஓடினார்.